தறி நின்ற ஞாயிறு

எங்கள் தெருவில் தறி நின்றால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். அமாவாசையை விட்டால் வேறு எதற்கும் அது நிற்காது. பந்த் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு நெய்வார்கள். தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் மை காய்வதற்குள் தறிக்குழியில் காலை விட்டுவிடுவார்கள். ஆனால் தெருவில் ஒரு சாவு விழுந்துவிட்டால், யாரும் யாருக்கும் சொல்லாமலே, ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கிக்கொண்டு வரும். பிணத்தை எடுக்கிறவரை ஒருவரும் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் தொட மாட்டார்கள். செத்தவன் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆரணியில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பஞ்சாபில் பிறந்த என் சித்தப்பாவுக்கு, அத்தனை வருஷம் எங்கள் தெருவில் குடியிருந்தும், இது சரியாக உறைக்கவில்லை. உறைத்திருந்தால் மனுஷன் வீடு வீடாகப் போய் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார்.

சித்தப்பா ஒரு சர்தார். டெல்லிக்கு நர்ஸ் வேலைக்குப் போன என் சித்தியின் வார்டில் கால் உடைந்து வந்து படுத்த லாரி டிரைவர். எலும்பு கூடுவதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிட்டதாம். எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மாப்பிள்ளை குடிக்க மாட்டார் என்று தெரிந்ததும் சமாதானமானார்கள். அவர்கள் ஆரணிக்கே குடிவந்தது ஊர்ப் பாசத்தால் அல்ல. சித்தப்பாவின் அண்ணன் ஒரு வழக்கில் ஜெயிலுக்குப் போன பிறகு, பஞ்சாபில் அவர்கள் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டிக்கொண்டே இருந்தது. அண்ணி அந்தப் பயத்திலேயே படுத்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தையாக இருந்த அண்ணன் மகளைத் தூக்கிக்கொண்டு சித்தியும் சித்தப்பாவும் இங்கே வந்து இறங்கினார்கள். போளூர் சாலையில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை போட்டார். ஊருக்கு அவர் ‘சிங்கு’ ஆனார்.

எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் எங்களில் ஒருவராகவே பேசினார். “இன்னாபா பராக்கு பார்த்துகினு நிக்கிற, ஜல்தி வா” என்று கடைப் பையன்களை அவர் அதட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், தேசூர்ப் பக்கத்து ஆள் என்றுதான் தோன்றும். காலையில் அவர் தலைப்பாகை கட்டும்போது அந்த நீளத் துணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையை அவர் தெருவில் இருந்தபடி இழுத்து மடிப்பார். பக்கத்திலேயே தறிக்குப் பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக்கொண்டிருக்கிறவர்கள், “சிங்கு, உன் பாவுல இழை அறுந்துகெடக்குது பாரு” என்று வம்புக்கு இழுப்பார்கள். அவரும் குனிந்து தேடுவதுபோல நடிப்பார்.

கைக்குழந்தையாக வந்த அந்தப் பெண்தான் எனக்கு அக்கா. நான் சொல்கிற சமயத்தில் எனக்குப் பத்து வயசு, அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவை ‘சாச்சா’ என்பாள். அது ஒன்றுதான் அவளிடம் வெளியூராகத் தெரியும். மற்றபடி தண்ணீர்க் குழாயில் சண்டை போடுவதிலிருந்து மாரியம்மன் கோயிலில் கூழுக்கு வரிசையில் நிற்பதுவரை எங்கள் தெருப் பெண். அப்பா என்ன பண்றார் என்று யாராவது கேட்டால் “வெளியூர்ல இருக்கார்” என்பாள். அது பொய்யும் இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு ஜெயிலில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவரை நாலைந்து முறை பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கிருந்து போன் வரும். சில நிமிஷங்கள்தான். சாப்பிட்டாயா, படிக்கிறாயா, அங்கே மழையா என்று அவர் கேட்பார். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்ளும் பஞ்சாபி எனக்கும் அரைகுறையாகப் புரியும். பேசி முடித்ததும் அக்கா விட்ட இடத்திலிருந்து துணி காயப்போட ஆரம்பித்துவிடுவாள்.

அவர் என்ன செய்தார் என்று ஒருநாள் சித்தப்பாவிடமே கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை.

“அங்க ஒரு காலத்துல ரொம்ப பேஜாரா இருந்துச்சி பாப்பா. எல்லாப் பக்கமும் செத்தாங்க. எங்கண்ணன் செஞ்சாரா செய்யலையான்னு பேசறதுக்கு எனக்கு இப்ப தெம்பு இல்ல. ஆயுள் தண்டனைக்காரங்கள விடலாம்னு சட்டம் சொல்ற வருஷமெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சி. இன்னும் உள்ளதான் இருந்துகினு இருக்கார். அத்த மட்டும்தான் நான் கேக்கிறேன்.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எங்கெங்கோ மனு அனுப்பினார். ஒரு திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டுத் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசுக்கே போனார். அங்கே மனு வாங்குகிற அம்மா, பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா என்று கேட்டாராம். இவர் விஷயத்தைச் சொல்லவும், “இது நம்ம மாவட்டத்துல வராதுங்களே” என்று நிஜமாகவே வருத்தப்பட்டு, வந்த மனுஷரை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மனு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்கள் பகுதி கிராம நிர்வாக அலுவலரிடமே வந்து சேர்ந்தது. அவர் ஸ்கூட்டரில் வந்து, சம்பந்தப்பட்ட நபர் இந்த முகவரியில் வசிக்கிறாரா என்று விசாரித்தார். இல்லைங்க, ஜெயிலில் இருக்கிறார் என்றாள் சித்தி. ‘மேற்படி நபர் இங்கு வசிக்கவில்லை’ என்று எழுதி மனுவை முடித்து வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். இதைச் சித்தப்பா எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், எழுந்திருக்க வெகு நேரம் பிடிக்கும்.

அந்த ஆவணி மாதத்தில் வடக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. இப்படி நெடுங்காலம் உள்ளே இருப்பவர்களை விடலாமா வேண்டாமா என்று பார்க்கிற குழு கூடப்போகிறது. அதற்கு முன்னால் அவரவர் ஊரில் ஒருநாள் உண்ணாவிரதம் இருந்து, படம் எடுத்து அனுப்புங்கள் என்று. எங்கள் பக்கத்திலும் வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களுக்காகப் பந்தல் போட்டு உட்காருவதைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். நாமும் உட்கார்ந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போன் வருகிற ஞாயிற்றுக்கிழமையாகவே நாள் குறித்தார். நடந்ததை அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிடலாம் அல்லவா.

அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் அனுமதி வாங்கினார். மைக் கூடாது, கோஷம் கூடாது, அஞ்சு மணிக்குப் பந்தலைப் பிரித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு வேறொரு யோசனை இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் எல்லாரும் தறியை நிறுத்தினால் போதும், அதைவிடப் பெரிய கோஷம் உண்டா என்றார். அப்பா, “வேணாம்பா, விட்டுடு” என்று மட்டும் சொன்னார்.

கேட்கவில்லை. வீடு வீடாகப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எல்லோரும் அவருக்கு நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், பாவம்தான் என்றார்கள். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் நாலு தறி வைத்திருந்தார், தெருவில் அவர் சொன்னால் பத்து வீடு கேட்கும், சித்தப்பாவுக்கு நல்ல சிநேகிதரும்கூட. அவர் தறியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: “உன் மேல எனக்கு மரியாதை இருக்குது சிங்கு. ஆனா மூணு கண்ணாலத்துக்குச் சேலை நிக்குது. முகூர்த்த நாளு உங்கண்ணனுக்காகத் தள்ளிப்போவுமா, சொல்லு.” அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆவணியில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தும்மவே நேரம் இருக்காது. சித்தப்பா எழுந்து, மோர் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். மிச்ச வீடுகளுக்குப் போகவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் அக்கா. அவள் பந்தலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அதற்கு ஒரு கதை உண்டு. முந்தின வருஷம் சித்தப்பா அவளை வடக்கே ஒரு பேரணிக்கு அழைத்துப் போயிருந்தார். அப்பாவின் படத்தைக் கையில் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். படம் எடுக்க வந்த ஒருவன், கொஞ்சம் அழும்மா என்றானாம். இவளுக்கு அழுகை வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் தங்கள் வீட்டு ஆட்களை நினைத்து அழ, இவள் மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றிருக்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே யாரோ சொன்னார்கள். இதைச் சித்திதான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவர் எனக்கு ஒரு குரல் சாச்சா. குரலுக்கு இன்னான்னு அழுவறது? எனக்கு அலுத்துப்போச்சி” என்றாள் அக்கா. சித்திதான், அழ வேண்டாம், சும்மா வந்து உட்கார், நாலு பேரில் ஒரு ஆள் குறைந்தால் படத்தில் பந்தல் காலியாகத் தெரியும் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

பேனருக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் சொல்லியிருந்தார். எழுத வேண்டியதைச் சித்தி தமிழில் எழுதிக் கொடுத்தாள். அண்ணனின் படத்தைச் சித்தப்பா போனிலிருந்து அனுப்பினார். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, நேராகப் பார்க்கும் கண்கள். ஜெயிலில் எடுத்த படத்தில் யார் சிரிப்பார்கள்? அந்தக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று வகை வகையாக டிசைன் தயாராக இருக்கும். படத்தைப் போட்டுப் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. முகூர்த்த மாசத்து அவசரம் அவருக்கும் இருந்திருக்கும். சிரிக்காத வயசான முகத்துக்கு அவரிடம் ஒரே ஒரு டிசைன்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் பிளெக்ஸ் கடைப் பையன்கள் வந்து, தெருமுனையில் போட்டிருந்த பந்தலின் முகப்பில் பேனரைக் கட்டிவிட்டு, ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சித்தப்பா குளிப்பதற்கு முன்பே ஒரு அண்டா கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும் செய்ய ஆள் வைத்திருந்தார். உண்ணாவிரதத்துக்கு எதற்குச் சோறு என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். பட்டினி நமக்குத்தான், வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை என்றார். யார் வரப்போகிறார்கள் என்று சித்தி கேட்கவில்லை, நினைத்துக்கொண்டாள்.

நான் வழக்கம்போலத் தலைப்பாகைத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று சித்தப்பா துணியை இழுப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். தெருமுனையில் சத்தம் அடங்கியிருந்தது. அப்புறம் அதற்கு இந்தப் பக்கம். அப்புறம் எதிர்வீட்டு நாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆவணி மாதத்துக் காலையில், அத்தனை நீளத் தெருவிலும் கோயில் மணி கேட்கிற அளவுக்கு அமைதி.

சித்தப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். “நிறுத்திட்டாங்க” என்றார். “பாரு, நிறுத்திட்டாங்க.” சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். என் தலையில் கையை வைத்து ஆட்டினார். அம்மா மட்டும் வாசலுக்குப் போய் இருபக்கமும் பார்த்துவிட்டு, “யாரு போய்ட்டாங்கன்னு தெரியலையே” என்றாள்.

பந்தலுக்குப் போனதும் தெரிந்தது. பேனரில் கொட்டை எழுத்தில் கண்ணில் அறைந்தது ‘கண்ணீர் அஞ்சலி’. படத்தைச் சுற்றி ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் மேகம், மேகத்தில் புறாக்கள். சித்தி எழுதிக் கொடுத்ததெல்லாம், விடுதலை செய் என்பதுவரை, கீழே சின்ன எழுத்தில் பிழையில்லாமல் இருந்தது. அதை யார் படிப்பார்கள்? வருஷக்கணக்காக ஜெயிலில் இருந்த சிங்கின் அண்ணன் செத்துப்போய்விட்டார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

சித்தப்பா பேனரைப் பிடித்து இழுத்தார். கைக்கு எட்டவில்லை. கம்பத்தில் ஏறப் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் கையில் ஒரு ரோஜா மாலையோடு, சட்டை போடாமல், துண்டைத் தோளில் போட்டபடி ஓடிவந்து சித்தப்பாவைக் கட்டிக்கொண்டார். சித்தப்பாவின் நெஞ்சு உயரம்தான் இருப்பார் அவர். அங்கே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

“ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டியே சிங்கு. மாட்டேன்னு சொன்னேனே. பாவி நான்.”

சித்தப்பா விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அந்த மனுஷரின் முதுகைத்தான் தடவிக்கொடுத்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரக் கூலியை விட முடியாது என்று இருந்தவர்கள் எல்லாம் மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். மோர் கொடுத்து அனுப்பிய வீட்டுப் பெண்கள் தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்தார்கள். கோஷம் போடாமல் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் சாகவே இல்லை, போன் பண்ணுவார் பாருங்கள் என்று போலீஸ்காரரிடம் சொல்லப் போனேன். அம்மா வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். சித்தப்பா அக்காவைப் பார்த்து, பஞ்சாபியில், நான் இவர்களிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அக்கா பதில் சொல்வதற்குள் கோடிவீட்டு அத்தை வந்துவிட்டாள்.

கோடிவீட்டு அத்தை நூல் சுற்றுகிறவள். எங்கள் பக்கத்தில் எழவு விழுந்த இடத்தில் முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். அக்காவைக் குழந்தையில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள். வந்தவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “அப்பன் மொகத்த ஒருநாளாவது வெயில்ல பார்த்தியாடி என் தாயி” என்றாள்.

அக்கா விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். அப்படியே அத்தையின் மடியில் கவிழ்ந்துவிட்டாள். முதுகு குலுங்கக் குலுங்க அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். சித்தப்பா சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதியத்துக்குள் படத்தின் கீழே மாலைகள் குவிந்துவிட்டன. ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து, பாடி எப்போ வருகிறது என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள். அங்கேயிருந்து கொடுத்து அனுப்புவார்களா, இல்லை அவர்களே எரித்துவிடுவார்களா? எடுக்கிற நேரம் தெரிந்தால்தானே தறியை எப்போது தொடலாம் என்று தெரியும். சித்தப்பா ஒவ்வொருவரிடமும், “இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க” என்றார். அதுவும் பொய்யில்லைதான், இருபது வருஷமாக அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்டாவில் இருந்த சோற்றை ஒருவரும் தொடவில்லை. எழவு விழுந்த இடத்தில் யார் சாப்பிடுவார்கள்?

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் உண்மை தெரிந்து தெரு கோபித்துக்கொண்டது. உயிரோடு இருக்கிறவருக்கு ஒருநாள் தறி நிறுத்தினோமே என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு மாசம் சித்தப்பாவோடு பேசவில்லை. பிறகு அவரே, அப்படிச் செத்தவர் மாதிரி மாலை வாங்கிக்கொண்டால் ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். சித்தி எடுத்த படங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் பின்னால் விளக்கும் மாலையும் இருந்ததால் ஒன்றைக்கூட அனுப்ப முடியவில்லை. குழு கூடியது, வேண்டாம் என்று சொன்னது. அதற்குப் பிறகும் கூடியது, அதற்குப் பிறகும் சொன்னது. அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். சித்தப்பாவின் தாடியும் இப்போது வெளுத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஒரு மனு போகிறது. இப்போதெல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். எழுதும்போதே கை சோர்ந்துபோகும். ஆனாலும் எழுதாமல் எப்படி இருப்பது?

அன்றைக்கு மதியத்துக்கு மேல் எனக்குப் பசி தாங்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் அண்டா மறைவில் உட்கார்ந்து, கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தேன். அப்போது அக்கா போனைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, பேசாதே என்று சைகை காட்டிவிட்டுக் காதில் வைத்தாள்.

அவர் குரல் எனக்கே கேட்டது. காது மந்தமானவர்கள் பேசுவதுபோல உரக்கத்தான் பேசுவார். உண்ணாவிரதம் பற்றி முந்தின வாரமே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தலை சுற்றவில்லையா, வெயிலா என்று கேட்டார். யாராவது வந்தார்களா, இல்லை நீங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தானா என்று கேட்டார்.

அக்கா, ஊரே வந்திருக்கிறது அப்பா என்றாள்.

அவர் சிரித்தார். நம்பவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. என்னை யாரென்றே தெரியாதவர்கள் எனக்காக எதற்கு வரப்போகிறார்கள், நீ என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறாய் என்றார்.

அக்கா பந்தல் தட்டியை விலக்கிப் போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். உள்ளே கோடிவீட்டு அத்தை ஒப்பாரியை மறுபடி எடுத்திருந்தாள். “கதவு தெறந்துகெடக்குது ராசா, வூட்டுக்கு வந்துடுய்யா” என்று அவள் இழுக்க, மற்றப் பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு, வந்துடுய்யா, வந்துடுய்யா என்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அக்கா வெகு நேரம் போனை நீட்டியபடியே நின்றாள். பிறகு காதில் வைத்தாள்.

அவர், இவ்வளவு பேரா என்றார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

அக்கா அதைப் பஞ்சாபியில் அப்படியே சொன்னாள். “வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் அப்பா. கதவு திறந்தே கிடக்கிறதாம்.”

அவர், வருகிறேன் என்று சொல், எல்லாரிடமும் சொல், கண்டிப்பாக வந்துவிடுவேன் என்று சொல் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து போன் நின்றுவிட்டது.

அக்கா முந்தானையால் போனைத் துடைத்து இடுப்பில் செருகினாள். என்னைத் தாண்டி உள்ளே போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு தட்டி இடுக்கு வழியாக நான் பார்த்தேன். காலையில் அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்கிறமாதிரி, வந்துடுய்யா என்று அந்தப் பெண்களோடு சேர்ந்து வாய்விட்டுக் கத்தி அழுதாள். இப்போதுதானே பேசினார், நன்றாகத்தானே இருக்கிறார், வருகிறேன் என்றுகூடச் சொன்னாரே, இனி எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.